நாற்பத்தைந்து வயதில் மறைந்த மண்டபம்

தில்லியின் குதுப்மினாரை இடிக்கப் போகிறோம் என்று எவரேனும் சொன்னால் நாடே கொதித்தெழும். ஆனால் அதே தில்லியில், பிரகதி மைதானத்தில் நின்ற 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்னும் பொருட்காட்சி மண்டபம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

நாடு விடுதலை பெற்ற 25ஆம் ஆண்டில், 1972இல் நடந்த 'ஏசியா 72' வணிகப் பொருட்காட்சிக்காக எழுந்தது இம்மண்டபம். இதை வடிவமைத்தவர் ராஜ் ரேவல்; கட்டுமானப் பொறியாளர் மகேந்திர ராஜ். அவ்வளவு பெரிய கூடத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. முக்கோணம் எளிதில் உருக்குலையாது என்பதை நாம் அறிவோம். முக்கோணங்கள் பல ஒன்றோடொன்று பின்னி நின்று, கூரையின் பாரத்தைப் பகிர்ந்து ஓரங்களுக்குக் கொண்டு சென்றன.

இத்தகைய அமைப்பைப் பிற நாடுகளில் எஃகினால் செய்வதே வழக்கம். அன்று நம் நாட்டில் எஃகு அரிது; உழைக்கும் கைகளோ ஏராளம். எனவே தொழிலாளர்கள் அங்கேயே கான்கிரீட்டை வார்த்துக் கட்டினர். ஆழமான அந்த முக்கோணச் சட்டங்களே, பழைய அரண்மனைகளின் கல் சாளரங்களைப் போல, வெயிலையும் தடுத்தன. இல்லாமையிலிருந்தே புதுமை படைத்த திறமை அன்றோ இது!

பின் ஏன் இடித்தார்கள்? பெரியதொரு மாநாட்டு வளாகம் தேவைப்பட்டது. அத்தேவையை நாம் குறை கூறவில்லை. மண்டபத்தைக் காக்கும்படி கட்டடக்கலைஞர்கள் வேண்டினர். ஆனால் 60 ஆண்டு நிறையாத கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருத இயலாது என்று தில்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு கூறிவிட்டது. மண்டபத்தின் வயதோ 45! ராஜ் ரேவல் தொடுத்த வழக்கையும் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலைக் கண்காட்சி ஒன்றை நடத்தியபோது, இம்மண்டபமும் அதில் இடம்பெற்றது. 2023இல் அதே மைதானத்தில் 'பாரத் மண்டபம்' திறக்கப்பட்டது.

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பழஞ்சின்னங்களுக்கு 100 ஆண்டு வயதைக் கேட்கிறது. நூறு வயதை எட்ட வேண்டுமானால் நாற்பத்தைந்தைக் கடந்தாக வேண்டுமே! நடுவயதில் பாதுகாப்பு இல்லையேல் முதுமை ஏது?

ஆகவே கட்டடத்தின் வயதை மட்டும் பாராமல் அதன் சிறப்பையும் பார்க்க வேண்டும். பழுது பார்த்து வேறு பணிக்குப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் ஆராய வேண்டும். நம் ஊரிலும் 1950, 1960களில் எழுந்த நூலகங்கள், திரையரங்குகள், ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினர் என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?