வனவளமும் வௌவால்களும்

வனத்தின் வருவாயைக் கணக்கிடுவோர் மரம், மூங்கில், இலுப்பைப் பூ, தேன், பிசின் ஆகியவற்றைப் பதிவேட்டில் சேர்க்கின்றனர். இவை ஆண்டுதோறும் விளையத் துணைநிற்கும் உயிரினங்களின் பணிக்கு அப்பதிவேட்டில் இடமில்லை. அவ்வாறு கணக்கில் வராத உழைப்பாளிகளுள் வௌவால் முதன்மையானது.

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவையே. இந்தியாவில் சுமார் 130 இனங்கள் காணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பூச்சிகளை உண்பவை. பழத்தையும் பூந்தேனையும் நாடுபவை சிலவே. இவ்விரு பிரிவுகளும் வனத்திற்கு வெவ்வேறு வகையில் பயன்படுகின்றன.

விதைப்பரவலும் மகரந்தச் சேர்க்கையும்

தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைகளுள் பெரும்பகுதி நிழலாலும், பூச்சிகளாலும், கொறிக்கும் பிராணிகளாலும் அழிந்துவிடுகிறது. விதை தொலைவுக்குச் சென்றால்தான் கன்று பிழைக்கும் வாய்ப்பு மிகும். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் பழத்தைப் பறித்து, வேறொரு மரத்திற்குக் கொண்டுசென்று உண்கிறது. சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும்போது பெரிய விதைகள் அங்கு விழுகின்றன. அத்தியின் சிறு விதைகளோ வயிற்றினுள் சென்று, குறுகிய நேரத்தில் எச்சத்துடன் வெளியேறுகின்றன. வௌவால் பறக்கும்போதே எச்சமிடுவதால், மரமற்ற வெட்டவெளியிலும் விதைகள் வீழ்கின்றன. அழிந்த வனம் தானே மீண்டெழுவதற்கு இது வழிகோலுகிறது.

இலவம், இலுப்பை போன்ற மரங்கள் இரவில் வரும் வௌவால்களால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களுக்கு இலுப்பைப் பூ உணவாகவும் ரொக்க வருவாயாகவும் விளங்குகிறது. அம்மரத்தின் இனப்பெருக்கத்திற்கு உதவும் உயிரினத்தைக் காப்பது அம்மக்களின் வாழ்வாதாரத்தைக் காப்பதுமாகும்.

பூச்சிக் கட்டுப்பாடு

பூச்சியுண்ணும் வௌவால்களின் பயனை அமெரிக்காவின் இண்டியானா மாநில வனத்தில் நடந்த ஒரு சோதனை அளந்து காட்டியது. ஓக், ஹிக்கரி மரக்கன்றுகள் நின்ற பகுதிகள் இரவில் மட்டும் வலையிட்டு மூடப்பட்டன. பகலில் பறவைகள் வந்து செல்ல வலை விலக்கப்பட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி, வௌவால் நுழையாத இடங்களில் பூச்சிகள் 3 மடங்காகவும், கன்றுகளின் இலையிழப்பு 5 மடங்காகவும் இருந்தன. இளங்கன்று இலையிழந்தால் வருங்கால வனமே நலிவுறும்.

இழப்பின் விலை

சந்தையில் விலையில்லாத சேவையின் மதிப்பு, அது நின்றுபோன பின்னரே புலப்படுகிறது. வட அமெரிக்காவில் 2006-இல் கண்டறியப்பட்ட ‘வெண்மூக்கு நோய்’ எனும் பூஞ்சைநோய் இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. நோய் பரவிய மாவட்டங்களில் உழவர்களின் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு சராசரியாக 31 சதவிகிதம் உயர்ந்ததென 2024-இல் வெளியான பொருளாதார ஆய்வு கூறுகிறது. இயற்கை இலவசமாகச் செய்த பணியை மனிதன் பணம் கொடுத்து வாங்க நேர்ந்தது. பெரும்பாலான வௌவால் இனங்களில் தாய் ஒரு பேற்றில் ஒரு குட்டியையே ஈனுவதால், குறைந்த எண்ணிக்கை மீள நெடுங்காலம் ஆகும்.

சட்டத்தின் பார்வை

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை ஐந்தாம் அட்டவணையில், எலி, காகம் ஆகியவற்றுடன் தீங்கு செய்யும் உயிரினங்களாக வகைப்படுத்தியது. அதே 1972-இல்தான் ஓர் அரிய இந்தியப் பழந்தின்னி இனம் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. மேகமலைப் பகுதியில் 1948-இல் பிடிக்கப்பட்டு, வேறோர் இனமெனக் கருதப்பட்ட மாதிரியை ஆராய்ந்த தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா, அது புதிய இனமெனக் கண்டு சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அவ்வினம் பின்னர் முதல் அட்டவணையின் பாதுகாப்பைப் பெற்றது. ஏனைய பழந்தின்னிகள் தீங்குயிர்ப் பட்டியலிலேயே நீடித்தன. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த அட்டவணையை நீக்கியது. பெரும் பழந்தின்னி வௌவால் இப்போது இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

நடைமுறைச் சிக்கல்கள்

சட்டம் மாறினும் இருப்பிடச் சிக்கல் எஞ்சியுள்ளது. வௌவால் இரை தேடுவது வனத்திலாயினும், பகலில் தங்குவது பெரும்பாலும் சாலையோர ஆலமரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, பாறைக் குகையிலோ ஆகும். இவை வனத்துறையின் எல்லைக்கு வெளியே பிற துறைகளின் பொறுப்பில் உள்ளன. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளிக் குகையை நம்பி வாழும் கோலார் இலைமூக்கு வௌவால், சுற்றிலும் நடந்த கருங்கல் வெட்டுதலால் அழிவின் விளிம்பை எட்டியது.

நோய் பற்றிய அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2018-இல் கேரளத்தில் நிபா வைரஸ் 17 உயிர்களைப் பறித்தது. பழந்தின்னிகளே அக்கிருமியின் இயற்கைப் புகலிடம். எனினும் அவற்றைக் கொல்வதும் விரட்டுவதும் தீர்வாகா. கலைக்கப்பட்ட கூட்டம் வேறு ஊர்களுக்குச் சிதறும். கடிபட்ட பழங்களைத் தவிர்த்தல், கள், பதநீர்க் கலயங்களை மூடிவைத்தல், வௌவால்களைக் கையால் தொடாதிருத்தல் ஆகியவையே பயன்தரும். தோட்ட உரிமையாளரின் பழ இழப்பும் உண்மையே. மரங்களுக்கு வலையிட உதவுவது அதற்கு ஏற்ற வழியாகும்.

முடிவுரை

சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் ஒரு முதிய ஆலமரத்திற்கு விறகின் விலையே மதிப்பிடப்படுகிறது. அதில் தங்கும் நூற்றுக்கணக்கான வௌவால்கள் ஆண்டுதோறும் விதைக்கும் விதைகளின் மதிப்பும் அக்கணக்கில் சேர வேண்டும். வௌவால் தங்கும் மரங்களையும் குகைகளையும் மாவட்டந்தோறும் பட்டியலிட்டு, மரம் வெட்டவோ கல் எடுக்கவோ அனுமதி வழங்குமுன் அப்பட்டியலைப் பார்ப்பதை நடைமுறையாக்கினால், பெருஞ்செலவின்றியே வனத்தின் எதிர்காலத்திற்கு ஒரு காப்பு கிட்டும்.