மூன்றாமவர் எங்கே உட்காருவார்?

பேராக் ஆற்றில் இறகுத் தூண்டிலால் செபாராவ் மீன் பிடிக்கச் சிறு படகு வாங்குவோர் விலையைத்தான் முதலில் கேட்பர். உடன் வருபவர் எத்தனை பேர் என்பதையே முதலில் எண்ண வேண்டும்.

இறகுத் தூண்டிலில் ஈயக்குண்டு இல்லை. பூச்சிபோல் இறகு கட்டிய முள்ளைக் கனமான கயிற்றின் வீச்சே கொண்டு செல்கிறது. கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசுபவர் பெரும்பாலும் நின்றிருப்பார். படகு ஆடினால் அவர் விழுவார். கயிறு தாழ்ந்தால் பின்னால் இருப்பவரின் முகத்தில் முள் தைக்கும். எனவே, அகலமான, தட்டையான அடிப்பகுதியுள்ள படகே ஏற்றது. பாறைகள் நிறைந்த ஆழமற்ற நீரிலும் அது எளிதில் செல்லும். காற்றடைத்த படகைச் சுருட்டிக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால், முள் பட்டால் தொல்லைதான்!

ஒருமுறை ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு மூவராகச் சென்றோம். படகு இருவருக்கானது. அதில் எழுதியிருந்த எடை வரம்பை யாரும் படிக்கவில்லை. நண்பர் எழுந்து வீசியதும் விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே வந்தது. நல்ல வேளை, மிதவை அங்கி அணிந்திருந்தோம்.

இப்போதெல்லாம் முறைவைத்து ஒருவர் கரையிலேயே இருப்பார். ஆற்றின் மேற்பகுதியில் 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டரோ அணை இருக்கிறது. அங்கு நீரைத் திறந்துவிட்டால் ஆறு உயரும். அதைக் கவனித்துக் குரல் கொடுப்பதும் தேநீர் போடுவதும் அவர் பொறுப்பு.