வரிசையில் நிற்கும் கணக்குகள்

 இந்த முறை கம்ப்யூட்டர் பகுதியில் ‘க்ளஸ்டர்’ பற்றியும், அதில் வேலைகளை எப்படி வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பது பற்றியும் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பெரிசுதான். இன்டர்வெல்லில் பாதி, மதியம் பாதி படிங்க. நடுவில் ஒரு கணக்கு வரும், அதுக்குப் பென்சில் வேணும்.

க்ளஸ்டர் என்றால் கொத்து. பல கம்ப்யூட்டர்களை வேகமான கேபிளால் இணைத்து, ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு ‘நோட்’. ஒரு ஆள் நாற்று நட்டால் எத்தனை நாள், முப்பது ஆள் நட்டால் எத்தனை நாள் என்று நாம் போடும் ஆள் கணக்கு மாதிரிதான்.

இது எதுக்கு என்று கேட்பீர்கள். நம்ம ஒரகடத்திலேயே உதாரணம் இருக்கு. இங்கே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற வாகன ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கே நிஜக் காரை மோதவிட்டுச் சோதிக்கும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரை உடைத்துக்கொண்டே இருந்தால் கட்டுப்படி ஆகுமா? அதனால் கார் கம்பெனிகள் முதலில் கம்ப்யூட்டருக்குள் மோதிப் பார்க்கின்றன. காரை லட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்கும் என்று கணக்குப் போடுவார்கள். மோதல் நடப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஆனால் கணக்குப் பல மணி நேரம் ஓடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஒரு துண்டு நசுங்கினால் பக்கத்துத் துண்டும் நசுங்கும். அதனால் ஒரு நோட் போட்ட கணக்கு பக்கத்து நோட்டுக்கு உடனே தெரியணும். நாலு நோட் வேணும் என்று கேட்ட வேலைக்கு மூணு கொடுத்து, “நாலாவது அப்புறம் வரும்” என்று சொல்ல முடியாது. நாலும் ஒரே நேரத்தில் கிடைக்கணும். வரிசைப் பிரச்சினை எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பம்.

நம் தமிழ்நாட்டில் திருச்சி என்.ஐ.டி.யில் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இதுவும் ஒரு க்ளஸ்டர்தான். வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். (எழுதும்போதே கை வலிக்கிறது.) அத்தனை வேகம் இருந்தும் அங்கேயும் க்யூ உண்டு. மாணவர்கள், ஆராய்ச்சியாளர்கள் என்று பலர் ஒரே நேரத்தில் வேலை அனுப்புவதால், யார் முதலில் என்று முடிவு செய்ய ஒரு மேஸ்திரி தேவை. அந்த மேஸ்திரி மனிதர் இல்லை, ‘ஸ்லர்ம்’ என்ற சாஃப்ட்வேர். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இது உருவானது. இலவசம். உலகத்தில் பல பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் இதுதான் ஓடுகிறது.

முதலில் பிரிவு. மாவு மில்லைப் பாருங்கள். அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய்க்குத் தனி மெஷின். மிளகாய்த் தூக்கோடு வந்தவங்க அரிசி வரிசையில் நின்றால் பொழுதுதான் போகும். க்ளஸ்டரிலும் அப்படித்தான். சாதாரண நோட், ஞாபக சக்தி அதிகம் உள்ள நோட், ஜி.பி.யு. கார்டு உள்ள நோட் என்று வகை வகையாக இருக்கும். அவற்றைத் தனித்தனிப் பிரிவாக வைப்பார்கள். இதுக்குப் ‘பார்ட்டிஷன்’ என்று பெயர். வேலை அனுப்புகிறவர் எந்தப் பிரிவு, எத்தனை நோட், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் எழுதி ‘எஸ்பேட்ச்’ என்ற கட்டளையால் அனுப்ப வேண்டும். ‘எஸ்க்யூ’ என்று அடித்தால் வரிசை தெரியும். காத்திருக்கும் வேலைக்குப் பக்கத்தில் ‘பி.டி.’ என்றும், ஓடும் வேலைக்குப் பக்கத்தில் ‘ஆர்’ என்றும் இருக்கும்.

இப்போ கணக்கு. நம்மிடம் 4 மெஷின் இருக்கிறது. காலை 9 மணிக்கு இந்த வரிசையில் நாலு பேர் வருகிறார்கள்.

அ – 3 மெஷின், 2 மணி நேரம்
ஆ – 4 மெஷின், 3 மணி நேரம்
இ – 1 மெஷின், 2 மணி நேரம்
ஈ – 1 மெஷின், 4 மணி நேரம்

முதலில் வந்தவருக்கே முதலில் என்று கண்டிப்பாக நடத்தினால், ‘அ’ 9 முதல் 11 வரை. அப்போ ஒரு மெஷின் சும்மா கிடக்கும். 11 முதல் 2 வரை ‘ஆ’. இ, ஈ இருவரும் 2 மணிக்குத்தான் ஆரம்பிப்பார்கள். இ முடிவது 4 மணி, ஈ முடிவது 6 மணி. சரி, சின்ன வேலைகளை எல்லாம் முன்னால் விட்டுவிடலாமா? விட்டால் ‘ஈ’ 1 மணி வரை ஒரு மெஷினைப் பிடித்துக்கொள்ளும். நாலும் சேர்ந்து கிடைத்தால்தான் உண்டு என்று நிற்கும் ‘ஆ’ 11 மணிக்கு ஏமாந்து போகும். இன்னும் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் அதுக்கு முறையே வராது.

இதுக்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். 1995-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா என்பவர் இதை விளக்கி எழுதினார். பெயர் ‘பேக்ஃபில்’, அதாவது இடைவெளியை நிரப்புதல். முதலில் காத்திருக்கும் பெரிய வேலைக்கு ‘11 மணி உனக்கு’ என்று துண்டு போட்டுவிடு. அந்த 11 மணி ஒரு நிமிஷம்கூடத் தள்ளாமல் இருந்தால் மட்டும் பின்னால் இருப்பவரை முன்னால் விடு. ‘இ’ 11 மணிக்கே முடிந்துவிடும், அதனால் உடனே உள்ளே விடலாம். ‘ஈ’ 1 மணி வரை இழுக்கும், அதனால் விடக்கூடாது. கடைசியில் ‘இ’ முடிவது 4 மணிக்கு இல்லை, 11 மணிக்கு. ஐந்து மணி நேரம் மிச்சம்! ‘ஆ’வுக்கும் நஷ்டம் இல்லை. ஈ-க்கும் பழையபடி 6 மணிதான். வரிசையில் ஒருத்தர் முந்திப் போயும் யாருக்கும் கோபம் வராத இடம் இது ஒண்ணுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் நடக்க, ‘இ’ தன் நேரத்தைச் சரியாக எழுதியிருக்கணும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 24 மணி நேரம் என்று எழுதினால், ஸ்லர்ம் அதை அப்படியே நம்பும், உள்ளே விடாது. அவர் 2 மணி வரை நிற்கணும். ஒரு மணி நேரம் என்று குறைத்து எழுதினாலும் ஆபத்து. நேரம் தாண்டியதும் பாதிக் கணக்கில் வேலையை நிறுத்திவிடும். அதனால் உண்மையான நேரத்துக்கு மேல் கொஞ்சம் மட்டும் சேர்த்து எழுதணும்.

சிலர் நேரமே எழுத மாட்டார்கள். க்ளஸ்டரை அமைப்பவர் இதை முன்கூட்டியே யோசிக்கணும். ஸ்லர்மின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘மேக்ஸ்டைம்’ (அதிகபட்ச நேரம்), ‘டீஃபால்ட்டைம்’ (எழுதாதவர்களுக்கான நேரம்) என்று இரண்டு உண்டு. டீஃபால்ட்டைம் வைக்காவிட்டால், எழுதாதவருக்கு மேக்ஸ்டைம் முழுதும் கணக்காகும். மேக்ஸ்டைமும் வைக்காவிட்டால் அது எல்லையில்லாத நேரம்! முடிவே தெரியாத வேலைகளுக்கு நடுவில் இடைவெளியை எப்படி நிரப்புவது? ஆகவே டீஃபால்ட்டைமைச் சின்னதாக வைப்பது நல்லது. கொஞ்சம் கஷ்டப்பட்டால் அடுத்த தடவை தானாக எழுதிவிடுவார்கள். டீச்சர்கள் சிரிக்காதீங்க, இது நம்ம வகுப்புக்குச் சொன்னது இல்லை.

இன்னொன்று நியாயப் பங்கு. ஒருத்தரே நூறு வேலை அனுப்பிவிட்டால்? நிறைய பயன்படுத்தியவரின் புள்ளி குறையும், காத்திருக்கக் காத்திருக்கப் புள்ளி ஏறும். பழைய பயன்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மறக்கப்படும். நாமாக மாற்றாவிட்டால், 7 நாளில் பாதியாகக் குறையும். ஆனால் வயதுக்கு எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு மதிப்பு என்று அமைப்பவர்தான் எண் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் அந்த எண்கள் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று ஆறாம் வகுப்புக்கே தெரியும்.

சில வேலைகள் வரிசையிலேயே நிற்கக்கூடாது. வானிலைக் கணக்கு அப்படி. 2018-ல் புனேயில் ‘பிரத்யுஷ்’, நொய்டாவில் ‘மிஹிர்’, 2024 செப்டம்பரில் ‘அர்கா’, ‘அருணிகா’ என்று நம் நாட்டில் வானிலைக்கென்றே சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. வானிலைக் கணக்குக்கு உலகம் முழுதும் ஒரே நேரத்தில் அளவு எடுப்பார்கள். அதில் ஒன்று நமக்குக் காலை 5.30 மணி. அந்த அளவை வைத்து நாளை மழையைச் சொல்லும் கணக்கு நாளை மறுநாள் முடிந்தால் என்ன பயன்? 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்று ஓரம் என்ன ஆச்சு என்று வீட்டில் பெரியவங்களைக் கேளுங்க. ஏரியைத் திறப்பவர்களுக்கு மணிக்கணக்குதான் முக்கியம். ஸ்லர்மிலும் இதுக்கு ‘ரிசர்வேஷன்’ உண்டு. தினமும் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இந்த நோட்கள் இந்த வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடலாம். அந்த நேரத்தில் அந்த நோட்களில் வேறு யாரும் நுழைய முடியாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. அதே 4 மெஷின், காலை 9 மணி. முதல் வேலைக்கு 2 மெஷின், 3 மணி நேரம். இரண்டாவதுக்கு 3 மெஷின், 1 மணி நேரம். மூன்றாவதுக்கு 1 மெஷின், 6 மணி நேரம். நாலாவதுக்கு 1 மெஷின், 4 மணி நேரம். பேக்ஃபில் முறையில் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? மூன்றாவதைப் பார்த்ததும் ‘நீளமா இருக்கே, விடக்கூடாது’ என்று அவசரப்படாதீங்க. விடையைச் சீட்டில் எழுதி 9-ஆம் வகுப்பில் கொடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.