வேட்டி அலமாரியில் ஜன்னல் துணி

வீட்டு ஜன்னலுக்குத் துணி எடுக்க நாகர்கோவில் கடைகளுக்குப் போகிறவர்கள் நேரே 'கர்ட்டன்' பக்கம் போவார்கள். நான் வேட்டி அடுக்கியிருக்கும் பக்கம் போவேன். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.60 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். நடுவில் வெட்டினால் 1.80 மீட்டரில் இரண்டு துண்டு. நாலடி அகலம், நாலரை அடி உயரமுள்ள ஜன்னலுக்கு, மேல்கீழ் மடிப்பும் போக, கொசுவம் விழத் தொங்கவிடலாம். கரை ஓரமாக மேலிருந்து கீழே இறங்கும். கரைப்பக்கம் பிரியாது என்பதால் பக்கவாட்டில் தைக்கிற கூலியும் மிச்சம்.

இந்த வசதி நமக்கு வாய்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி; முண்டும் நேரியலும் இன்னும் ஓடுகின்றன. வடசேரி, இரணியல் தறிகளின் பேரும் பழசு. எல்லை தாண்டினால் பாலராமபுரம். துணிக்குப் பஞ்சமில்லை.

எடுக்கும்போது கரையைப் பார்த்து மயங்க வேண்டாம். கசவு (ஜரிகை) விலையை ஏற்றும்; வெயிலிலும் உப்புக்காற்றிலும் மங்கிப்போகும். சாயநூல் கரை போதும். துணியை இரு விரலுக்கிடையில் வைத்துக் கசக்குங்கள். வெள்ளைத்தூள் உதிர்ந்தால் கஞ்சிதான் கனம் காட்டுகிறது. ஒரு சலவையில் வலைபோல ஆகிவிடும். பருத்தி என்று சொல்லிக் கலப்புநூல் தருகிறார்களோ என்று சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். எல்லா ஜன்னலுக்கும் ஒரே நேரத்தில், ஒரே கட்டிலிருந்து எடுங்கள். அடுத்த மாதம் போனால் கரையில் அதே பச்சை கிடைக்காது.

வாசல் ஏழடி. அதற்கு வேட்டித் துண்டு எட்டாது, மீட்டர் துணிதான். துணி 48 அங்குல அகலமென்றால் வாசலுக்கு இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் மடிப்போடு இரண்டரை மீட்டர். பெரிய பூப்போட்ட துணியில் பூவோடு பூ சேர வேண்டும் என்பதால் வெட்டில் வீணாகும். பொடி டிசைனோ கோடோ எடுத்தால் அந்தச் செலவில்லை.

எங்கள் தையல்கார அண்ணாச்சி துணியை வாங்குமுன் ஒன்று கேட்பார்: "மக்களே, நனைச்சு காயப்போட்டாச்சா? தச்ச பொறவு சுருங்கிச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லப்பிடாது." பருத்தி சுருங்கத்தான் செய்யும். கீழ்மடிப்பை நாலு அங்குலம் இரட்டையாக வைக்கச் சொல்லுங்கள். ஆடிக்காற்றில் அந்தக் கனம்தான் துணியைப் பிடித்து நிறுத்தும்.

எல்லா இடத்துக்கும் வேட்டி சரிவராது. சாரல் அடிக்கிற பக்கத்துக்குப் பாலியஸ்டரே மேல். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நனைந்த பருத்தியில் கரும்புள்ளி விழும். படுக்கையறையில் இரவு விளக்குப் போட்டால் வெளியே நிழல் தெரியும். உள்ளே காடாத்துணி கொடுத்துத் தைத்தால் தீர்ந்தது.

ஓணத்துக்கு முந்தின வாரங்களில் வேட்டிக் கடைப்பக்கம் போகாதீர்கள்; கூட்டமும் விலையும் ஒத்துவராது. ஆடித் தள்ளுபடியில் மில் துணி எடுக்கலாம். கைத்தறிக்குத் தீபாவளி சமயம் கோ-ஆப்டெக்ஸ் கழிவு தரும்; ஜன்னல் அளவைக் குறித்துக்கொண்டு அப்போது போங்கள்.