பேருந்தின் நிறம் பேசுகிறது

திருநெல்வேலிச் சந்திப்பில் புறப்பட்டு, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டை சேரும் நகரப் பேருந்தை நாம் அனைவரும் அறிவோம். அதன் உள்ளும் புறமும் பூசப்பட்ட நிறங்கள் எதற்காக என்று எண்ணியதுண்டா, தோழியரே?

முதலில் உள்ளே ஏறிப் பார்ப்போம். கூரையின் உட்பக்கம் பெரும்பாலும் வெளிர் நிறமாகவே இருக்கும். வெளிர் நிறம் ஒளியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் இரவில் சில விளக்குகளே போதும். தரை கருமையானது, மழைக்காலச் சேறு அதில் அவ்வளவாகத் தெரியாது. ஓட்டுநருக்குப் பின்னேயுள்ள விளக்கை மட்டும் இரவில் அணைத்துவிடுவார்கள். உள்ளொளி முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தால் சாலை அவர் கண்ணுக்கு மறைந்துவிடும் அன்றோ!

இருக்கைகளுக்கு ரெக்சின் உறை. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பது அதன் நன்மை. சித்திரை வெயிலில் அமர்ந்தவர்க்கே அதன் தீமை தெரியும். குளிர் நாடாகிய இங்கிலாந்தில் கம்பளி உறை. இலண்டன் சுரங்க ரயில் இருக்கைகளுக்கு 1937 முதல் துணிக்கோலம் வரைந்தவர்களுள் ஈனிட் மார்க்ஸ் என்னும் பெண் ஓவியரும் ஒருவர். அழுக்கேறிய உடையோடு தொழிலாளர் அமர்ந்து எழுந்தபின்னும் துணி புதிதாகத் தோன்ற வேண்டும்! கோலம் போடும் நமக்கு அதன் அருமை விளங்கும்.

இனி வெளிப்புறம். பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் ஏன்? 1939 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிய கல்வியாளர்கள் அமெரிக்கப் பள்ளி வண்டிகளுக்கு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தனர். அதிகாலை மங்கலிலும் மஞ்சள்மீது கறுப்பெழுத்து நன்கு தெரியும். சிவப்போ ஒளி குன்றும்போது கறுத்துத் தோன்றும். நம் பள்ளிப் பேருந்துகளும் மஞ்சளே.

நிறத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. என் கருத்தில் அதுவே பெரிது. பேருந்துக்குள் திருக்குறளும் 'மகளிர்' என்ற சொல்லும் எழுதியிருப்பது படிக்கத் தெரிந்தவர்க்கு. படிக்கத் தெரியாதவர்க்கு? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வெள்ளைப் பலகை மாட்டிய வண்டியே அத்தகையது. பலகையைக் கவனியாமல் வேறு வண்டியில் ஏறிவிட்டாலோ கட்டணம் கொடுக்க வேண்டும். முந்தானையில் முடிந்த காசை எண்ணிச் செலவழிக்கும் பாட்டிக்கு அது சிறு தொகையன்று. ஆகவே 2022 ஆகஸ்டில் சென்னையில் இவ்வகைப் பேருந்துகளின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசினார்கள். எழுத்தறியாதவரும் தொலைவிலேயே கண்டுகொண்டு கைகாட்டலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலையத்தில் வண்டிகள் நெருக்கி நிற்கையில் நாம் பக்கவாட்டிலிருந்தல்லவா ஓடி வருகிறோம்? படிக்கட்டின் அருகிலும் அதே நிறத்தில் ஒரு பட்டை தீட்டியிருக்கலாம்.