தாய்மார்களும் இரத்த அழுத்தமும்

"எனக்கேது பிரஷர்? அது ஆம்பளைங்க நோயாச்சே!" என்பார் என் துணைவியார். 58ஆம் வயதில் அளந்தபோது 170/100!

பெண்களின் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இரத்தக் குழாய்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகத் துணைசெய்து, குழாய்களைத் தளர்த்துகிறது. அவ்வாயுவின் இப்பணியைக் கண்டறிந்த மூவர் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். இளவயதில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அழுத்தம் பொதுவாகக் குறைந்திருக்க இதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நின்றபின் அச்சுரப்பு குன்றுகிறது; குழாய்கள் விறைக்கின்றன; அழுத்தம் ஏறுகிறது. இழந்த சுரப்பை மாத்திரையால் ஈடுசெய்து இதயத்தைக் காக்கலாம் என்ற நம்பிக்கையும் 2002இல் அமெரிக்க ஆய்வொன்றில் பொய்த்தது.

ஆகவே, 50ஐக் கடந்த தாய்மார்களே, இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. ஆண்டுக்கொரு முறையாவது அளந்து பாருங்கள். உப்பைக் குறையுங்கள். விரத நாளிலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.