அளவறிந்து வாங்குவோம்

சிராவகர்க்குரிய பன்னிரு விரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்தபின் கழியும் உணவு, மலர் முதலியன போகம். மீண்டும் மீண்டும் பயன்படும் ஆடை, பாத்திரம் முதலியன உபபோகம். இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே இவ்விரதம். உமாசுவாமி ஆசாரியர், தேவைக்கு மிஞ்சி நுகர்பொருள்களைச் சேர்த்தலை அநர்த்ததண்ட விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வைத்துள்ளார். பயனின்றி விளைக்கும் தீங்கே அநர்த்ததண்டம். மளிகைப் பட்டியல் எழுதும்போது இவ்விரு விரதங்களையும் நினைவிற் கொண்டால் பணமும் நேரமும் மிஞ்சும், உயிர்க்கொலையும் குறையும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

1. தானியமும் பருப்பும்

அரிசி வண்டு, முட்டையிலிருந்து முழு வண்டாக வளர வெப்ப நாள்களில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே ஒரு மாதத்திற்கு மேற்பட்ட இருப்பு வண்டுகளுக்கு வீடாகிறது. பின்னர் அதனைப் புடைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் மடிவன உயிர்களே. விலை மலிவென்று மூன்று மாதத்திற்கு வாங்கியவர், இறுதியில் பணத்தையும் இழந்து பாவத்தையும் சேர்க்கிறார். '2 வாங்கினால் 1 இலவசம்' என்னும் அறிவிப்பும் இத்தகையதே.

அளவை அறிய, ஒரு வாரம் நாள்தோறும் சமைக்கும் பொருளை நிறுத்து எழுதுக. நாளொன்றுக்கு 750 கிராம் அரிசி எனில் 30 நாளைக்கு 22½ கிலோ. அஷ்டமி, சதுர்த்தசி ஆகிய பருவ நாள்கள் நான்கிலும் பாதியளவே சமைக்கும் குடும்பத்திற்கு 21 கிலோ போதும். பருப்பு, பயறு, புளி, மிளகாய் ஆகியவற்றிற்கும் இவ்வாறே கணக்கிடுக. பழைய இருப்பைப் பார்த்த பின்னரே புதிய பட்டியலை எழுதுக.

2. மாவு

அரைத்த மாவிற்கு நம் ஆன்றோர் கால வரம்பு வகுத்துள்ளனர்: மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள். எனவே மாவைச் சிறிது சிறிதாகவே அரைத்துக்கொள்ளுதல் நன்று. அரைக்கும் நாளை வாரத் திட்டத்திலேயே குறித்துவிட்டால், ஆலைக்கு வீணாக நடக்கவேண்டியதில்லை.

3. காய்கறி

கிழங்கும் வெங்காயமும் விலக்கிய சமையலறையில், பலநாள் கெடாதிருக்கும் காய்கள் குறைவு. ஆதலால் உண்ணும் வரிசையை முன்னரே வகுத்தல் இன்றியமையாதது. வாங்கிய முதல் இரு நாள்களில் வெண்டை, பீர்க்கு; அடுத்து அவரை, கொத்தவரை, புடலை; வார இறுதியில் வாழைக்காய், முழுப் பூசணி. இவ்வரிசையைப் பின்பற்றினால் வாரத்திற்கு ஒருமுறை சந்தைக்குச் சென்றால் போதும். அழுகி எறிவதும் இராது. காய்களை நறுக்குமுன் பிளந்து, புழு உள்ளதா என ஆராய்தல் மறவற்க.

4. மாலை உணவு

இக்காலத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில் இரவுண்ணாமை கைவிடப்படுவதற்கு முதற்காரணம் மனமின்மையன்று, நேரமின்மையே. சென்னையில் ஜூலை மாதத்தில் மாலை 6.35 மணிக்கு மேல் மறையும் சூரியன், நவம்பர் பிற்பகுதியில் 5.40 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. பணிக்குச் செல்லும் பெண் வீடு திரும்பி, என்ன சமைப்பது என்று எண்ணத் தொடங்கும்போதே பொழுது சாய்ந்துவிடும்.

இதற்கு வழி, திட்டமிடலே. ஏழு நாளைய மாலை உணவையும் ஞாயிறன்றே எழுதிச் சுவரில் ஒட்டுக. காலையில் வைத்த குழம்போடு விரைவில் ஆகும் ஒன்று, எடுத்துக்காட்டாக உப்புமா அல்லது கஞ்சி, போதுமானது. சூரியன் விரைந்து மறையும் மாதங்களில், எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ காலையிலேயே கட்டிச் சென்று, அலுவலகத்திலேயே மாலை 5 மணியளவில் உண்டுவிடலாம். பிள்ளைகளுக்கு உணவிடும் பொறுப்பைத் தந்தையர் ஏற்கலாம். விரதம் இல்லத்தார் அனைவர்க்கும் உரியதன்றோ?

திட்டமிட்ட சமையலறையில் விரதம் சுமையாவதில்லை. மிஞ்சிய பொருளில் ஒரு பகுதியை ஆகார தானத்திற்கு ஒதுக்கினால், சிக்கனம் அறமாக நிறைவுறும்.

பயிற்சி

1. உங்கள் இல்லத்தில் சென்ற மாதம் வீணான பொருள்கள் யாவை? அவற்றின் விலையைக் கூட்டி எழுதுக.
2. வரும் மாதத்துப் பருவ நாள்களை நாட்காட்டியில் குறித்து, மளிகைப் பட்டியலைத் திருத்துக.
3. ஒரு வாரத்து மாலை உணவுப் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்க.